விதி கொன்றதா, மன்னன் கொன்றானா?

சிலப்பதிகாரம் மூன்று உண்மைகளை நிலைநாட்டப் பாடப்பட்டது என்று அதன் பதிகமே கூறுகிறது. அரசியலில் தவறியவனுக்கு அறமே எமனாகும். கற்புடைய பெண்ணை உயர்ந்தோரும் போற்றுவர். முன்வினை விடாமல் தேடிவந்து தன் பயனைத் தரும். தமிழ் படித்தோர் பலரும் இவற்றை மனப்பாடமாக ஒப்புவிப்பர். ஆனால் முதல் உண்மையும் மூன்றாவது உண்மையும் ஒன்றோடொன்று மோதுகின்றனவே, அதை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கோவலன் ஏன் இறந்தான்? மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் காரணம் சொல்கிறது. முற்பிறவியில் அவன் பரதன் என்னும் பெயரோடு கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அரசனிடம் பணிபுரிந்தான். பகை நகரான கபிலபுரத்திலிருந்து வணிகம் செய்ய வந்த சங்கமனை ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக்கொடுத்தான். சங்கமன் கொல்லப்பட்டான். அவன் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறவியில் பலித்தது.

அப்படியானால் பாண்டியன் செய்த குற்றம்தான் என்ன? கோவலன் வெட்டுப்படுவது முன்பே முடிவாகிவிட்டது என்றால், பொற்கொல்லன் பொய் சொல்லியே தீர வேண்டும். ஊடல்கொண்ட தேவியைத் தேடிப் போகும் அவசரத்தில் மன்னன் விசாரிக்காமல் ஆணையிட்டே தீர வேண்டும். இளங்கோவடிகளும் அந்த இடத்தில், வினை பலிக்கும் வேளை அது என்று ஒரு குறிப்பு வைக்கிறார். வேறுவிதமாகச் செய்ய முடியாதவனை அறம் எப்படித் தண்டிக்கும்? குத்திய கத்தியைத் தூக்கில் போடுவது போலல்லவா அது! மாறாக, மன்னன் விசாரித்திருக்கலாம் என்றால் கோவலன் பிழைத்திருப்பான். நீலியின் சாபம் பொய்த்திருக்கும்.

சித்தாந்தம் கற்ற பெரியவர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். இப்பிறவிக்கென வந்த பிராரத்தத்தை நாம் அனுபவித்தே தீர வேண்டும். இப்போது செய்து சேர்க்கும் ஆகாமியம் நம் பொறுப்பு என்பார்கள். அழகான பிரிவினைதான். ஆனால், ஒருவனின் பிராரத்தம் இன்னொருவனின் கை வழியாகத்தானே வருகிறது? கோவலனின் பிராரத்தமும் பாண்டியனின் ஆகாமியமும் ஒரே வாள்வீச்சு. யார் கையால் சாவு என்பது மட்டும் எழுதப்படவில்லை என்று வாதிடலாம். எல்லாக் கைகளும் மறுத்திருந்தால்?

வள்ளுவரும் இதை அவிழ்த்துவிடவில்லை. 38ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஊழை விட வலியது இல்லை என்கிறார்; 62ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் தளராமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பர் என்கிறார்.

இறை நம்பிக்கையை விட்டுவிடச் சொல்ல நான் இதை எழுதவில்லை. தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளை நானும் ஏறுகிறவன். எனக்கு முக்கியமாகப் படுவது, யார் எப்போது விதியைப் பேசினார்கள் என்பதுதான். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது பாண்டியன் விதியின் மேல் பழி போடவில்லை. தானே கள்வன் என்று சொல்லி உயிர்விட்டான். முன்வினைக் கதை வந்தது மதுரை பற்றி எரிந்த பிறகு. அதுவும் கணவனைப் பறிகொடுத்தவளிடம், ஆறுதலாக.

நம்மிடையே இது தலைகீழாக நடக்கிறது. தேர்வுக்கு முன் கோயிலில் பேனாவை வைத்துப் பூசை செய்யும்போது, முடிவு இன்னும் எழுதப்படவில்லை என்றே நம்புகிறோம். தோற்றுவிட்டால் மட்டும் அது பிறக்கும்போதே எழுதப்பட்டதாகிவிடுகிறது! என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்த ஒருவன் இடைநிலைப்பள்ளிப் புகுமுக வகுப்பிலேயே தடுமாறி, மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டான். ‘அவன் தலையெழுத்து’ என்று அவன் அம்மா சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டதில் எனக்கு மறுப்பில்லை. அதே சொல்லை அவனுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவரும் சொன்னார். மலாய்மொழியில் பின்தங்கிய அவனுக்கு யார் கைகொடுத்தார்கள், அவன் பள்ளிக்கு வராத நாள்களில் யார் வீடு தேடிப் போனார்கள் என்ற கேள்விகள் அத்தோடு நின்றுபோயின.