டப்பாவை வரையட்டும், அதை நிரப்பிய கையையும் வரையட்டும்!

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆரம்பப் பாடசாலைகளில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு ஒரு சித்திரப் பாடம் நடக்கிறது. ஆண்டி வார்ஹால் என்ற அமெரிக்க ஓவியரின் முறையில் அமைந்த பாடம் அது. ஒரு தாளை நான்கு கட்டமாக மடிக்கிறார்கள். நான்கு கட்டத்திலும் ஒரே படம். ஒரு பூ, ஒரு பூனை, அல்லது குழந்தையின் சொந்த முகம். முதல் கட்டத்தில் முகம் மஞ்சள், தலைமயிர் நீலம். அடுத்ததில் முகம் பச்சை, தலைமயிர் சிவப்பு. இப்படியே நான்கும் நான்கு விதம். இன்னொரு நாள் கடையில் விற்கும் சூப் டப்பா ஒன்றை மேஜை மீது வைத்து, அதன் மேலுள்ள சீட்டை அப்படியே வரையச் சொல்கிறார்கள்.

"டப்பாவை வரைவது ஒரு கலையா? வேலையற்றவர்கள் வேலை!" என்று தோழர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரித்து ஒதுக்கிவிடும் விஷயமல்ல இது. உழைப்பாளியின் பிள்ளைக்குச் சித்திரம் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தச் சித்திரம் என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது.

முதலில் இந்தப் பாடத்தின் நல்ல அம்சத்தைச் சொல்லிவிடுவோம். கைத்திறன் குறைந்த பிள்ளையும் இதில் தோற்பதில்லை. மயிலையும் மலையையும் தத்ரூபமாக வரைய முடியாத பிள்ளைகூட ஒரே உருவத்தை நான்கு முறை அச்சடித்து நான்கு வர்ணம் பூசிவிடும். செலவும் அதிகமில்லை. அன்றாடம் கையில் புரளும் பொருளையே படமாக்கலாம் என்ற தைரியமும் குழந்தைக்கு வருகிறது. ராஜாவும் ராணியும் கோயிலும் கோபுரமும்தான் சித்திரத்துக்கு உரியவை என்ற பழைய எண்ணம் உடைகிறது. இவையெல்லாம் நல்லதே. ஆனால் பாடம் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதே நமது குறை.

கூலிக்காரனின் மகன்

யார் இந்த வார்ஹால்? 1928-ல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். இரும்பும் உருக்கும் உருகி ஓடிய நகரம் அது. தகப்பனார் ஆந்திரெய் வார்ஹோலா, இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள மிக்கோவா என்ற குக்கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். கட்டட வேலையில் கூலி. தாயார் ஜூலியா வீட்டு வேலைக்குப் போனார். காலியான தகர டப்பாக்களை வெட்டி, பூக்களாக வளைத்து, வீடு வீடாகச் சென்று விற்று நாலு காசு சேர்த்தார். பிற்காலத்தில் டப்பா ஓவியத்தால் உலகப் புகழ் பெற்றவரின் வீட்டில் டப்பா முதலில் வயிற்றுப்பாடாகவே நுழைந்தது!

எட்டு வயதில் சிறுவனுக்குக் கை கால் தாமே துடிக்கும் நோய் வந்தது. மாதக்கணக்கில் படுக்கை. தாயார் படக்கதைப் புத்தகமும் வர்ணப் பென்சிலும் வாங்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் வர்ணம் தீட்டி முடித்தால் ஒரு சாக்லேட் பரிசு. சித்திரத்தில் அந்தப் பிள்ளைக்கு ருசி பிறந்தது அந்தப் படுக்கையில்தான்.

ஆனால் தாயின் அன்பு மட்டும் ஓவியனை உண்டாக்கிவிடாது. பிட்ஸ்பர்க் நகரக் கார்னகி கலாசாலையில் சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சித்திர வகுப்பு நடந்தது. பாடசாலைகளிலிருந்து பொறுக்கியெடுத்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். ஜோசப் பிட்ஸ்பாட்ரிக் என்ற ஆசிரியர் நடத்தினார். முதலில் உற்றுப் பார்க்கப் பழகு, பிறகு வரை என்பதே அவர் போதனை. கட்டடத்தை, மரத்தை, மனிதனைக் கண்ணால் வாங்கி மனத்தில் இருத்த வேண்டும். கூலிக்காரனின் மகன் ஆண்டி அங்கேதான் பழகினான்.

1942-ல் தகப்பனார் இறந்தார். கடைசி மகன் மேல்படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணத்தை விட்டுச் சென்றிருந்தார். அதைக் கொண்டு படித்து, 1949-ல் பட்டம் பெற்று, நியூயார்க் நகருக்குப் போனார் மகன்.

வள்ளலின் பணம் யார் பணம்?

"ஆகா, இலவச வகுப்பு நடத்திய கார்னகி எப்பேர்ப்பட்ட வள்ளல்!" என்று யாரும் மெய்மறந்துவிட வேண்டாம். பிட்ஸ்பர்க்கை அடுத்த ஹோம்ஸ்டெட்டில் இருந்தது கார்னகியின் உருக்காலை. 1892-ல் அங்கே கூலியைக் குறைத்தார்கள். சங்கத்தை ஒழிக்க ஆலைக் கதவை அடைத்தார்கள். ஜூலை 6-ந் தேதி 300 பிங்கர்ட்டன் அடியாட்களைப் படகுகளில் ஏற்றி இரவோடிரவாக ஆற்று வழியே அனுப்பினார் நிர்வாகி பிரிக். கரையில் தொழிலாளர் எதிர்த்து நின்றனர். துப்பாக்கிச் சண்டையில் உயிர்கள் போயின. பிறகு மாகாணப் படையினர் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து இறங்கினார்கள். சங்கம் முறிந்தது. கார்னகி பிரபு அப்போது எங்கே? ஸ்காட்லாந்தில் ஓய்வாக இருந்தார்!

மூன்று ஆண்டு கழித்து, 1895-ல், அதே நகரில் அவர் பெயரால் நூல் நிலையமும் கலைக்கூடமும் திறக்கப்பட்டன. 1901-ல் ஆலைகளை 48 கோடி டாலருக்கு விற்றார்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை வகுப்பு இலவசமல்ல. உலைக்களத்தில் வெந்தவர்கள் அதற்கு முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டார்கள். உழைப்பாளியின் பிள்ளை அங்கே உட்கார்ந்தது தருமத்தால் என்று நாம் ஏற்கவில்லை. பாட்டன்மார் சம்பாதித்த சொத்தில் ஒரு துளி பேரப் பிள்ளைக்குத் திரும்பி வந்தது, அவ்வளவே. அந்தத் துளியே ஒரு பிள்ளையை இவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டது. அந்தப் படுக்கைப் பிள்ளையைப் போல இன்னும் எத்தனை ஆயிரம் பிள்ளைகள், வகுப்பும் காகிதமும் கிடைக்காமல் ஆலைப் புகையில் மறைந்து போயிருப்பார்கள்!

டப்பாவுக்கு உள்ளே

1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வார்ஹாலின் 32 படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. எல்லாம் காம்ப்பெல் கம்பெனியின் சூப் டப்பாக்கள். ஒரே அளவு, ஒரே சிவப்பு வெள்ளை. சுவையின் பெயர் மட்டும் மாறும். விலை ஒன்று 100 டாலர். பலர் கேலி செய்தார்கள். இன்றோ அந்த 32-ம் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் தொங்குகின்றன. அவர் 1964-ல் தீட்டிய மர்லின் மன்றோ படம் ஒன்று 2022-ல் 19 கோடி 50 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று!

குழந்தைகள் வகுப்பில் வரைவது அந்த டப்பாவைத்தான். நாம் கேட்கிறோம்: சீட்டில் என்னென்ன இருக்கிறது? கம்பெனியின் பெயர் இருக்கிறது. சூப்பின் பெயர் இருக்கிறது. தங்கப் பதக்கம் பெற்ற பெருமை இருக்கிறது. தக்காளியைப் பறித்தவர் இருக்கிறாரா? இல்லை.

அந்தத் தக்காளியைப் பறித்தவர்களின் கதையை நம் விவசாயத் தொழிலாளத் தோழர்கள் கட்டாயம் அறிய வேண்டும். ஒஹையோ மாகாணத்துத் தக்காளி வயல்களில் பருவத்துக்குப் பருவம் ஊர் விட்டு ஊர் வந்து பறித்தவர்கள் மெக்சிக்க வம்சாவளியினர். குடும்பத்தோடு வயலில் இறங்கினார்கள். பிள்ளைகளும் கூடை சுமந்தார்கள். கூலி உயர்வு கேட்டால் பண்ணைக்காரர், "கம்பெனி தரும் விலை இவ்வளவுதான், நான் என்ன செய்வேன்?" என்பார். கம்பெனியோ, "அவர்கள் எங்கள் ஆட்களே அல்ல" என்று கை கழுவும். 1978-ல் சுமார் இரண்டாயிரம் பேர் வயலை விட்டு வெளியேறினார்கள். பால்டெமார் வெலாஸ்கஸ் தலைமையில் அவர்களுடைய சங்கம் 1979-ல் காம்ப்பெல் பொருள்களைப் பகிஷ்கரிக்கும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டது. 1983-ல் டொலிடோ நகரிலிருந்து கம்பெனியின் தலைமையகம் உள்ள காம்டன் வரை, 500 மைலுக்கு மேல், கால்நடையாகவே நடந்தார்கள். கடைசியில் 1986 பிப்ரவரியில் கம்பெனி, பண்ணைக்காரர், சங்கம் மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். எட்டாண்டுப் போராட்டம் வென்றது!

இந்தக் கதையைக் கேட்ட குழந்தைக்கு அந்தச் சிவப்பு வெள்ளைச் சீட்டு பழையபடி வெறும் சீட்டாகத் தெரியுமா? தெரியவே தெரியாது.

இதைச் சொல்லாமல் டப்பாவை மட்டும் வரையச் சொன்னால் என்ன ஆகும்? 2012-ல் காம்ப்பெல் கம்பெனியே வார்ஹால் வர்ணங்களில் சீட்டு ஒட்டி டப்பாக்களை விற்றது. விளம்பரம் ஓவியமாயிற்று, ஓவியம் மறுபடி விளம்பரமாயிற்று. பாடம் பாதியில் நின்றால், காசு வாங்காமல் கம்பெனிக்குச் சீட்டு எழுதும் பிள்ளைகளைத்தான் நாம் தயார் செய்வோம்.

மறைந்து நிற்கும் கைகள்

வார்ஹால் தம் ஓவியக்கூடத்துக்கு "பாக்டரி" என்றே பெயர் வைத்தார். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத இடத்தை அடைத்து, மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால் அடியில் படம் விழும். துணிக்கு அச்சடிப்பவர்களுக்குத் தெரிந்த வேலைதான். அங்கே அவரோடு நின்று மை இழுத்த ஜெரார்ட் மலாங்கா என்ற இளைஞருக்குக் கூலி மணிக்கு 1.25 டாலர், அக்காலத்துக் குறைந்தபட்சக் கூலி.

1964-ல் பிரில்லோ என்ற பாத்திரம் தேய்க்கும் பஞ்சின் அட்டைப் பெட்டியை மரத்தில் செய்து அச்சடித்துக் காட்சிக்கு வைத்தார் வார்ஹால். உலகமே பேசிற்று. அசல் பெட்டியின் எழுத்தையும் வர்ணத்தையும் முதலில் அமைத்தவர் யார்? ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓர் ஓவியர். பிழைப்புக்காகக் கம்பெனி வேலை பார்த்தவர். புகழும் பணமும் ஒரு பக்கம். உழைத்த கை இன்னொரு பக்கம்.

1976-ல் வார்ஹால் அரிவாள் சுத்தியலையும் படமாக்கினார். இத்தாலியில் சுவர்களில் எங்கு பார்த்தாலும் அந்தச் சின்னத்தைக் கண்டுவிட்டு வந்து, நியூயார்க் கடையில் ஒரு அரிவாளும் ஒரு சுத்தியலும் வாங்கி வரச் செய்து, கிடத்திப் பிடித்த படத்தைக் கொண்டு அச்சடித்தார். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பிடிக்கும் கை படத்தில் இல்லை! கையில்லாத அரிவாள் கதிர் அறுக்குமா?

வார்ஹாலை வைவது நம் நோக்கமல்ல. கடைத்தெருவின் முகத்தை அப்படியே பிடித்துக் காட்டிய கெட்டிக்காரர் அவர். எல்லாப் பொருளும், எல்லா முகமும் ஒரே அச்சில் வார்த்து விற்கப்படும் சமுதாயத்தை அவர் படம் பட்டவர்த்தனமாகக் காட்டுகிறது. அது ஏன் அப்படி என்று கேட்பது படம் பார்ப்பவர் வேலை. சொல்லிக் கொடுப்பவர் வேலை.

முழுப் பாடம் இது

எனவே பாடத்தைத் தள்ள வேண்டாம், முடித்து வையுங்கள் என்கிறோம். இதற்கு வர்ணப் பெட்டி வேண்டுமென்பதில்லை.

முதல் நாள், வீட்டில் காலியான ஒரு பெட்டியோ பொட்டலமோ கொண்டுவரச் சொல்லுங்கள். தீப்பெட்டி, தேயிலைப் பொட்டலம், எதுவானாலும் சரி. உற்றுப் பார்த்து வரையட்டும். பிறகு கேளுங்கள்: இதில் யார் பெயர் இருக்கிறது? யார் பெயர் இல்லை? இலையைக் கிள்ளியது யார்? பெட்டியை ஒட்டியது யார்?

இரண்டாம் நாள், கை. தாயின் கையைத் தாளின் மீது வைத்துச் சுற்றிக் கோடு போடட்டும். ரேகைகளை, காய்ப்பை, வெட்டுத் தழும்பைப் பார்த்துப் பார்த்து நிரப்பட்டும். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று பிள்ளை கேட்கும். தாய் சொல்வாள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத சரித்திரம் அது.

மூன்றாம் நாள், உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, மேலே உருவம் செதுக்கி, வர்ணத்தில் தோய்த்துப் பதினாறு முறை அச்சடிக்கட்டும். ஒன்று கனமாக விழும், ஒன்று மங்கும். வார்ஹால் 1962-ல் அச்சடித்த மர்லின் படத்தில் ஐம்பது முகங்கள் உண்டு. ஒரு பாதியில் மை திட்டாகி, மங்கி, முகமே அழிந்துபோகிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை என்ன ஆகும், கண் என்ன ஆகும் என்று ஆலைத் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் பிள்ளைக்கும் அது விளங்கட்டும்.

"கஞ்சிக்கே வழியைக் காணோம், சித்திரம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். கஞ்சிக்குத் தகர டப்பாவை வெட்டி விற்ற ஜூலியா, அதே கையால் நோயாளிப் பிள்ளைக்கு வர்ணப் பென்சிலும் வாங்கிக் கொடுத்தாள். இரண்டும் வேண்டும் என்று அந்த ஏழைத் தாய்க்குத் தெரிந்திருந்தது. உற்றுப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கடினம். எடைக்கல்லையும் கூலிச் சீட்டையும் அது உற்றுப் பார்க்கும். அதனால்தான் நாம் சித்திர வகுப்பைக் கேட்கிறோம்; பள்ளிதோறும் கேட்கிறோம்; பிச்சையாக அல்ல, உழைத்தவன் பங்காகக் கேட்கிறோம்.

பிள்ளைகள் டப்பாவை வரையட்டும். அதை நிரப்பிய கையையும் வரையட்டும். அப்போதுதான் படம் முடிந்ததாகும்!