லேக் என்றொரு தீர்ப்பு

படம் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்ல நம் தலைமுறையிடம் மொத்தமே ஐந்து சொற்கள்தான் மிச்சம் இருக்கின்றன. மாஸ், கிரிஞ்ச், கனெக்ட் ஆகல, ஒன் டைம் வாட்ச், லேக். முதல் நான்கும் பிழைத்துப் போகட்டும். என் சண்டை கடைசிச் சொல்லோடு.

‘கொட்டுக்காளி’ எப்படி? லேக் ப்ரோ. ‘மெய்யழகன்’? நல்ல படம்தான், ஆனா செம லேக். நெட்ஃப்ளிக்ஸ்ல ‘அடோலசன்ஸ்’ பார்த்தியா? ஃபர்ஸ்ட் எபிசோடு வேற லெவல், அப்புறம் லேக். கிராமத்துச் சாலையில் போகும் ஓர் ஆட்டோ, நீடாமங்கலத்தில் ஓர் இரவு, இங்கிலாந்தில் கொலைப் பழியோடு கைதாகும் 13 வயதுப் பையன். மூன்றுக்கும் ஒரே மருந்துச் சீட்டு. எந்த நோய்க்கும் ஒரே மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடம் நாம் இரண்டாம் முறை போவோமா? சினிமாக் கருத்துக்கு மட்டும் போகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போகிறபோக்கில் கருத்துச் சொல்வதற்கு நான் எதிரி இல்லை. 2024 நவம்பரில் ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ எல்லாம் அடிவாங்கிய பிறகு, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூபர்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று அறிக்கை விட்டது. அந்தக் கட்சியில் நான் இல்லை. டிக்கெட் எடுத்தவனுக்கு வாய் உண்டு. டீக்கடையில் நின்று கிளாஸ் ஆறுவதற்குள் ஒரு படத்தைப் பிரித்து மேய்கிற ஆட்களிடம் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். “அந்த அண்ணன்காரன் அப்பவே உண்மையச் சொல்லிருந்தா கதையே இல்லையேப்பா” என்று ஒருவர் சொன்னால் அது விமர்சனம். அவர் படத்தைப் பற்றிப் பேசுகிறார். ‘லேக்’ என்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் படத்தின் மேல் எழுதிவைக்கிறார்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அது இயந்திரத்தின் சொல். பட்டனை அழுத்தினேன், கேமில் ஆள் குதிக்கவில்லை, நெட் இழுக்குது, லேக். நான் கட்டளையிட்டேன், அது தாமதமாகக் கீழ்ப்படிகிறது என்பதுதான் அதன் அர்த்தமே. அதைப் படத்துக்குப் போடும்போது என்ன சொல்கிறோம்? நான் ஒன்றை ஆர்டர் செய்திருக்கிறேன், அது இன்னும் வரவில்லை. சரி, அப்படி எதைத்தான் ஆர்டர் செய்தோம்?

நேரம்தான் பிரச்சினை என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பிரச்சினை நேரமே இல்லை. ஹீரோ காரிலிருந்து இறங்கி நாலு எட்டு வைக்க நிஜத்தில் மூன்று விநாடி போதும். திரையில் அதை இழுத்து, முதலில் செருப்பு, அப்புறம் கை, அப்புறம் கண்ணாடி, அப்புறம் தலைமுடி என்று தவணை முறையில் காட்டுகிறார்கள். அறிவியல்படி பார்த்தால் தமிழ் சினிமாவில் இதைவிட மெதுவான காட்சி கிடையாது. இதை யாராவது லேக் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? விசில்தான் பறக்கிறது. எட்டு எபிசோடை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டுக் காலையில் கண் சிவக்க ஆபீஸ் போகிறவரும் நம் ஆள்தான். ஆக, நம்மிடம் நேரமும் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது.

இல்லாதது வேறு. ஸ்லோமோஷனில் என்ன உணர வேண்டும் என்று பின்னணி இசை நமக்குச் சொல்லிவிடுகிறது. இப்போ கைதட்டு, இப்போ அழு, இப்போ பயப்படு. யாரும் எதுவும் சொல்லாமல் கதாபாத்திரத்தோடு நம்மைத் தனியாக விட்டால் கை தானாகப் போனைத் தேடுகிறது. அந்தத் தவிப்புக்கு நாம் வைத்த பெயர்தான் லேக்.

‘கொட்டுக்காளி’யை எடுத்துக்கொள்வோம். பி.எஸ். வினோத்ராஜ் அதில் பின்னணி இசையே வைக்கவில்லை. வண்டிச் சத்தம், சேவல், காற்று, ஆட்களின் பேச்சு. வேறு சாதிப் பையனைக் காதலித்த மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டிய பாண்டியும் சொந்தபந்தங்களும் சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். மொத்தப் படமும் அந்தப் பயணம்தான். ஆட்டோ போகிறது, நிற்கிறது, மறுபடி போகிறது. மீனா ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. “எப்படா போய்ச் சேருவாங்க” என்று நமக்கு எரிச்சல் வருகிறது.

அந்த எரிச்சல் யாருடையது? ஆட்டோ சீக்கிரம் போய்ச்சேர வேண்டும் என்று படத்துக்குள் நினைக்கிறவன் பாண்டி. அது போய்ச்சேரவே கூடாது என்றிருப்பவள் மீனா. நாம் அவசரப்படும் ஒவ்வொரு நிமிடமும், நமக்கே தெரியாமல், பாண்டியின் பைக்கில் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு மாடு வழியை மறிக்கிறது. அத்தனை ஆம்பளைகளும் பம்மிக்கொண்டு நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்தத் தாமதத்தில்தான் படம் அவர்களுடைய வீரத்தை அளக்கிறது. அதை வெட்டினால் ஆட்டோ சீக்கிரம் போய்விடும், படம்தான் போய்ச்சேராது.

‘மெய்யழகன்’ விஷயம் இன்னும் வருத்தமானது. 2024 செப்டம்பரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் வெளிவந்தது. சில நாட்களிலேயே 18 நிமிடத்துக்கும் மேல் வெட்டப்பட்டது. “நீளம்”, “லேக்” என்ற புலம்பல் எடிட்டிங் டேபிள் வரை போய்விட்டது. யூடியூபர்களைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தியேட்டர் வாசலில் மைக்கில் சொன்னதும் நாம்தான், இடைவேளையில் ஸ்டேட்டஸ் போட்டதும் நாம்தான்.

அந்தப் படத்தில் என்ன நடக்கிறது? ஊரைவிட்டுப் போன அருள்மொழி 22 வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். ஒருவன் “அத்தான், அத்தான்” என்று விழுந்து விழுந்து கவனிக்கிறான். அவன் பெயர் அருளுக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். இந்த நிலைமை நம் எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் “என்னைத் தெரியுதா?” என்று ஒரு பெரியப்பா கையைப் பிடித்துக்கொள்ளும்போது பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போமே, அதே நிலைமை. அதை ஒரு இரவு முழுக்க நீட்டினால் என்ன ஆகும்? முதல் பத்து நிமிடம் சிரிப்பு. ஒரு மணி நேரம் போனால் சங்கடம். அவன் அன்பு கூடக்கூட அது குற்றவுணர்ச்சியாகிறது. பெயர்கூடத் தெரியாத ஒருவனிடம் இவ்வளவு வாங்கிக்கொண்டிருக்கிறோமே என்று அருளுக்கு மூச்சு முட்டவேண்டும், அதற்கு நமக்கும் கொஞ்சம் முட்டவேண்டும். கடன் ஏறுவதற்கு நேரம் ஆகும். வட்டியை ஓரே நாளில் காட்ட முடியாது.

‘அடோலசன்ஸ்’ நான்கு எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். கொலை செய்தது ஜேமிதான் என்பது முதல் எபிசோடு முடிவதற்குள் தெரிந்துவிடுகிறது. “அதான் தெரிஞ்சிடுச்சே, அப்புறம் என்ன இழுக்கிறான்?” என்கிறார்கள். இங்கேதான் பூனைக்குட்டி வெளியே வருகிறது. யார் கொன்றது என்பது மட்டும்தான் நமக்குக் கதை. ஏன் என்பது லேக். மூன்றாம் எபிசோடில் ஒரு அறை, ஒரு மேசை, எதிரெதிரே பையனும் உளவியலாளரும். பேச்சு, அவ்வளவுதான். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் பையன் எந்தக் கணத்தில் எதிரே இருக்கும் பெண்ணை மிரட்டுகிறவனாக மாறுகிறான்? அதைக் கண்டுபிடிக்க அந்த அறையில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். 1.5 வேகத்தில் ஓட்டினால் பேசியது கேட்கும். பேசாமல் இருந்தது கேட்காது.

“அப்போ மெதுவா எடுத்த எல்லாமே காவியமா?” என்று கேட்பீர்கள். இல்லீங்க. சலிப்பூட்டும் படங்கள் ஏராளம், சலித்தால் சொல்லத்தான் வேண்டும். என்ன சலித்தது என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். ‘வதந்தி’ தொடரில் வெலோனியைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். செத்துப்போன பெண்ணைப் பற்றி ஊர் எப்படிப் பேசும் என்பதை முதல் இரண்டு கதைகளே எனக்கு உணர்த்திவிட்டன. அதற்கு மேல் வந்தவை புதிதாக எதையும் திறக்கவில்லை, சந்தேகப் பட்டியலை மட்டும் நீட்டின. இது என் குற்றச்சாட்டு. நீங்கள் இதை மறுக்கலாம், “இல்ல, அந்த நாலாவது கதையில ஒண்ணு இருக்கு” என்று என்னோடு சண்டைக்கு வரலாம். ‘எட்டு எபிசோடு, லேக்’ என்று மட்டும் நான் சொல்லியிருந்தால் உங்களுக்குப் பேச என்ன இருக்கிறது? தலையாட்டலாம், அல்லது “எனக்குப் பிடிச்சிது” என்று சொல்லிவிட்டுப் போகலாம். நல்ல கருத்து அடுத்தவருக்குப் பேச இடம் தரும். லேக் கதவைச் சாத்திவிடும்.

இதில் நஷ்டம் யாருக்கு? வெளிவந்த படங்களுக்கு இல்லை. அவை எப்படியோ தப்பித்து ஓடிடியில் ஒரு மூலையில் கிடக்கும், தேடுகிறவர்கள் தேடிப் பார்ப்பார்கள். இனி எழுதப்போகிற ஆளுக்குத்தான் நஷ்டம். அவர் ஸ்க்ரிப்ட்டில், மகன் போன பிறகு அம்மா வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறாள் என்று ஒரு வரி இருக்கும். கதை கேட்கிறவர் சொல்லுவார்: “தம்பி, இங்க லேக் ஆவும்.” அந்த அம்மா உள்ளே போய்விடுவாள். அவள் அங்கே நின்றிருந்தாள் என்பதே நமக்குத் தெரியாது. வராத காட்சிக்கு ரிவ்யூ கிடையாது.

அடுத்த முறை அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள், போதும். இந்த இடத்தில் நான் எதற்காகக் காத்திருந்தேன்? பதில் கிடைத்தால் அதைச் சொல்லுங்கள், திட்டாக இருந்தாலும் பரவாயில்லை. நான் உங்களோடு விடிய விடியப் பேசத் தயார்.