கிள்ளிய கைக்கு மோதிரம்

நண்பரின் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். மனிதர் நிஜமாகவே சொல்கிறார் என்பது இரண்டாம் முறைதான் உறைத்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ பேரரசர் பால்படீன் கொடுங்கோலர் இல்லையாம்; ஊழலில் புழுத்த குடியரசை ஒழித்து, போரை நிறுத்திய ‘கண்டிப்பான நிர்வாகி’யாம். பயம்தான் செலவு குறைந்த ஆட்சிமுறையாம்.

போரை நிறுத்தினார், சரி. மூட்டியது யார்? 1999இல் வந்த படத்தில், நபூ கிரகத்தை முற்றுகையிட வணிகக் கூட்டமைப்பை ஏவியவரே இவர்தான். அந்த நெருக்கடியைச் சாக்காக வைத்து, குடியரசின் தலைவரான சான்சலரைக் கவிழ்த்து, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். அடுத்து குளோன் போர். குடியரசின் தலைவர் இவர். எதிரணியை நடத்திய கவுன்ட் டூக்கு இவருடைய சீடர். இரண்டு பக்கமும் ஒரே ஆளின் உத்தரவில் செத்தார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டிய கதை இது. நண்பரோ தொட்டில் ஆடிய அழகில் மயங்கி, கிள்ளிய கைக்கு மோதிரம் போடுகிறார்.

குடியரசின் செனட் ஊழல் மடம் என்கிறாரே, அந்த மடத்தைப் பேரரசரும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கட்டிக்காத்தார். கலைத்தது எப்போது? ஒரு கிரகத்தையே பொடியாக்கும் மரண நட்சத்திரம் தயாரான பிறகு. ஊழல்தான் காரணம் என்றால் அதுவரை எதற்குக் காத்திருந்தார்?

செலவுக் கணக்குக்கு வருவோம். நிலா அளவுக்கு ஓர் ஆயுதம். அது வெடித்துச் சிதறியதும் இன்னொன்று. இதற்குப் பெயர் சிக்கனமா? வீட்டுக் கணக்கை நண்பரிடம் யாரும் ஒப்படைக்காமல் இருப்பது நல்லது.

பயம் வேலை செய்தது என்ற வாதம்தான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுகிறது. 1980 படத்தில் பேரரசின் கேப்டன் நீடாவை நினைத்துப் பாருங்கள். அவர் துரத்திய கப்பல் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டது. பழியை யார் மீதும் போடாமல், பேரரசரின் வலக்கையான டார்த் வேடரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறார். பிணமாகச் சாய்கிறார். அதற்கு முன்பே அட்மிரல் ஓசல் கழுத்து நெரிபட்டுச் செத்தாயிற்று. அவர் பதவிக்கு வந்த பீயெட்டின் முகத்தைப் பாருங்கள், பதவி உயர்வு வாங்கியவன் முகமா அது? இப்படிப்பட்ட கப்பலில் தவறை ஒப்புக்கொள்ள எவன் வருவான்? மரண நட்சத்திரத்தின் வயிற்றிலேயே ஓட்டையை வைத்தவர் கேலன் எர்சோ. அவர் மனைவியைச் சுட்டுக் கொன்று, பேரரசு பலவந்தமாக இழுத்துவந்து வேலை வாங்கிய விஞ்ஞானி. மிரட்டி வாங்கிய உழைப்பு அப்படித்தான் இருக்கும்.

‘ஆண்டோர்’ தொடரில் வரும் பேரரசின் நார்கினா சிறையை நண்பர் பார்த்ததாகத் தெரியவில்லை. விடுதலை என்று அனுப்பியவனை வேறொரு தளத்தில் மறுபடி அடைக்கிறார்கள். குட்டு வெளிப்பட்டதும், விஷயம் பரவாமல் இருக்க அங்கிருந்த நூறு பேரையும் மின்சாரம் பாய்ச்சிக் கொல்கிறார்கள். விளைவு? இனி விடுதலையே கிடையாது என்று தெரிந்தவர்களுக்குச் சாவு பயமும் போய்விட்டது. ஒரு தளத்துக்கு 12 காவலர்களுக்கு மேல் இல்லை. கைதிகளோ மொத்தம் 5,000 பேர். சிறையை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

ஆல்டெரான் பற்றி நண்பர் அரை வரியில் ‘வருந்தத்தக்க மிகை’ என்று எழுதித் தாண்டிவிடுகிறார். ஆயுதமே இல்லாத கிரகம் அது. கிளர்ச்சியாளர்களின் தளம் எங்கே என்று கேட்ட கேள்விக்கு, பிடிபட்ட இளவரசி லேயா ஓர் இடத்தின் பெயரைச் சொன்ன பிறகும் மரண நட்சத்திரத்தால் அதை அழித்தார்கள். பதில் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, மற்றவர்கள் நடுங்க வேண்டும், அவ்வளவுதான். நடுங்கினார்களா? கொஞ்ச நாளில் அந்த ஆயுதமே தூளானது.

இன்னொன்று. இத்தனை பக்கம் எழுதியவர், பேரரசர் எப்படிச் செத்தார் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவரைத் தலைக்கு மேல் தூக்கி, உலைக்குழிக்குள் வீசியவன் எதிரிப் படைவீரன் அல்ல. கூப்பிட்ட குரலுக்கு மண்டியிட்டுக்கொண்டு, அருகிலேயே நின்ற வேடர்தான்.