தூண்டிற் புழுவும் குளிர்ப்பெட்டியும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், உறைந்த ஏரிகளில் துளையிட்டு மீன் பிடிப்போர் உயிருள்ள புழுக்களைத் தூண்டிலில் கோப்பர். ஈயின் புழுக்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் வளர்ச்சி தளர்ந்து, கூட்டுப்புழுவாகாமல் பல நாள் இருக்கும். மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்களோ அக்குளிரில் கறுத்து மடியும். அவற்றுக்கு ஏறக்குறைய 13 முதல் 16 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். நம் நாட்டுத் தேனடைகளைக் கெடுப்பதும் இவ்வினமே.

குளிர் எவ்வுயிரையும் ஒருபடியாகக் காக்கும் என்னும் எண்ணம் தவறு என்பதற்கு இஃதொன்றே சான்று. நமக்கு இது வேடிக்கைச் செய்தியன்று. கரும்பின் இடைக்கணுப் புழுவை ஒடுக்க, அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றுள் டிரைக்கோகிரம்மா குளவிகளை வளர்த்து வழங்குகிறோம். அவ்வட்டைகளை உறைநிலை அறையில் வைத்தால் குளவிகள் வெளிவரா. வெயிலில் கிடந்தாலோ வயலை அடையுமுன்னரே கெடும். பயன் காணாத உழவர் முறையையே பழித்து, மீண்டும் நஞ்சுத் தெளிப்பை நாடுவர்.

ஆதலின், ஒவ்வோர் அட்டையிலும் அதற்குரிய வெப்பநிலையை எழுதி வழங்குதல் வேண்டும். களப்பணியாளர் கையில் வெப்பமானி இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை ஆசிரியர்கள் இரண்டு புட்டி ஈப்புழுக்களைக் கொண்டே, ஒன்றைக் குளிரிலும் மற்றொன்றை அறையிலும் வைத்து, மாணவர்க்கு விளக்கலாம்.