எரித்து வைத்தால் பத்திரமா?

"எல்லாத்தையும் சி.டி.யில போட்டு வச்சாச்சு, இனிமே கவலை இல்லை."

2000களில் தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் நம்பப்பட்ட பொய்களைப் பட்டியல் போட்டால், இது முதல் ஐந்துக்குள் வந்துவிடும். 40 ஜிபி ஹார்ட் டிஸ்க் நிரம்பும். அண்ணன் கல்யாண போட்டோ, தங்கச்சி அரங்கேற்றம், தாத்தாவைப் பேச வைத்துப் பதிந்த குரல், கூடவே நூறு எம்பி3 பாட்டு... எல்லாம் நாலைந்து சி.டி.க்குப் போகும். பர்ன் முடிந்து தட்டு வெளியே வரும். அடுத்த நிமிடமே ஹார்ட் டிஸ்கில் இருந்ததெல்லாம் டெலீட். இடம் வேண்டுமே!

குற்றம் எரித்ததில் இல்லை, எரித்த கையோடு அழித்ததில்தான் இருக்கிறது. இரண்டு இடத்தில் இருந்தால்தான் அதற்குப் பேர் பேக்கப். ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பது வெறும் குடிமாற்றம். அதுவும் காரை வீட்டிலிருந்து ஓலைக் குடிசைக்கு!

ஏன் குடிசை? கடையில் வாங்கும் பாட்டு சி.டி.யும் வீட்டில் எரித்ததும் பார்க்க ஒரே மாதிரிதான். உள்ளே சமாச்சாரம் வேறு. கடை சி.டி.யில் தகவல் எல்லாம் ஆலையில் அச்சு வைத்து பிளாஸ்டிக்கிலேயே பள்ளங்களாக அழுத்தப்பட்டது. காலி சி.டி.யில் இருப்பதோ ஒரு சாயப் பூச்சு. ரைட்டரில் இருக்கும் லேசர், ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஒரு சுருள் தடத்தில், அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுக்கொண்டே போகிறது. சுட்ட இடம் ஒரு மாதிரி ஒளியைத் திருப்பும், சுடாத இடம் வேறு மாதிரி. பேர்தான் 'எரிப்பு', நடப்பது சாயப்பட்டறை வேலை. சாயம் வெயிலில் வெளுக்கும் என்பதைத் திருப்பூர்க்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும் எவருக்கும் தெரியும்.

இன்னொரு கூத்து. எல்லாரும் பளபளப்பான பக்கத்தைத்தான் பூ மாதிரி பிடிப்பார்கள். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான பாலிகார்பனேட் காவல் இருக்கிறது. லேசான கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டாவது பிழைத்துக்கொள்ளலாம். பேர் எழுதுகிற பக்கத்திலோ சாயம், அதன் மேல் உலோகப் பூச்சு, அதன் மேல் மெல்லிய லாக்கர், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில்தான் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி 'ராஜா வெட்டிங் - 2' என்று எழுதுவார்கள். சிலர் அழகுக்கு ஸ்டிக்கரும் ஒட்டுவார்கள். அதைப் பிய்த்தால் படமும் சேர்ந்து வந்துவிடும்.

சரி, டப்பாவில் நூறு வருடம் என்று போட்டிருந்ததே? அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2003-ல் ஒரு பராமரிப்புக் கையேடு வெளியிட்டது. சோதனை செய்து பார்த்த உற்பத்தியாளர்கள் சி.டி.-ஆருக்கு 100 முதல் 200 வருடம் ஆயுள் சொல்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. 'பரிந்துரைத்த முறையில் வைத்திருந்தால்' என்ற நிபந்தனையோடு. அதே நாட்டின் தேசிய ஆவணக் காப்பகமோ, அனுபவத்தில் பார்த்தால் 2 முதல் 5 வருடம் என்று எழுதி வைத்தது. இரண்டும் அரசு அமைப்புகள்தான். எதை நம்புவது?

1988-ல் பிறந்த பொருளுக்கு 2003-ல் இருநூறு வருட ஜாதகம் எழுதினால், சூட்டிலும் ஈரத்திலும் வைத்து வேகமாகக் கிழடாக்கிப் பார்த்துக் கணக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கணக்கில் தப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அதில் மே மாதச் சென்னை கிடையாது. ஜன்னலோர டி.வி. ஸ்டாண்டும் ஓட்டு வீட்டுப் பரணும் கிடையாது.

வணிகவியல் மாணவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் இது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த உத்தரவாதத்தை யாராவது படித்ததுண்டா? தட்டு பழுதானால் புதுக் காலித் தட்டு தருவார்கள். உள்ளே இருந்ததற்குப் பொறுப்பில்லை. அதாவது தாத்தாவின் குரல் போனால் நஷ்ட ஈடு ஒரு டீ, ஒரு வடை விலை. முன்பக்கம் நூறு வருடம், பின்பக்கம் ஒரு வெற்றுத் தட்டு! தன் பொறுப்பை இந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்ட ஒரு வியாபாரம், 'நூறு வருடம்' என்று எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

மென்பொருள்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அந்தக் காலத்து ராஜா நீரோ பர்னிங் ரோம். ரோம் எரிந்தபோது பிடில் வாசித்தான் என்று கதை கட்டப்பட்ட மன்னன் பேரையே வைத்தார்கள். ஐகானில் எரிவது கொலோசியம். (அது நீரோ செத்த பிறகு கட்டியது என்பதை விட்டுவிடலாம்.) எரித்த பிறகு சரிபார்க்க ஒரு டிக் பெட்டி அதில் இருந்தது. அதை டிக் செய்தால் காத்திருப்பு இன்னும் கொஞ்சம் நீளும். கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்கிற ஊரில் அதை யார் தொட்டார்கள்?

இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். "2002-ல எரிச்சது, இன்னைக்கும் ஜம்முனு ஓடுது!" ஓடலாம். நல்ல சாயம், நல்ல பூச்சு, நிழலான பீரோ என்று எல்லாம் அமைந்தவை இன்றும் ஓடுகின்றன. ஆனால் 'ஓடுகிறது' என்பது ஆரோக்கியச் சான்றிதழ் ஆகாது. சி.டி.யில் பிழை திருத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. சாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்போது, விடுபட்ட எழுத்தை அது கணக்குப் போட்டு நிரப்பிக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. தாங்கும் எல்லை தாண்டிய அன்றைக்குத்தான் டிரைவ் கர்கர் என்று சத்தம் போட்டு 'படிக்க முடியவில்லை' என்று கைவிரிக்கும். கறையான் அரித்த கதவு மாதிரி, வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருமுறை எழுதிய சி.டி.-ஆரை வைரஸ் வந்து அழிக்க முடியாது, வீட்டுக் குழந்தை தெரியாமல் டெலீட் செய்ய முடியாது. பென் டிரைவுக்கு இந்தப் புண்ணியம் கிடையாது. அந்த ஒரு குணத்துக்காகவே இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ள அது நல்ல பொருள்தான். ஒரே பிரதியாக வைத்ததுதான் வினை.

இப்போது ஏன் இந்தப் பழைய பஞ்சாங்கம் என்றால், தட்டு மட்டும் சாகவில்லை, அதைச் சுற்றி இருந்த உலகமும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. முதல் சி.டி.-ஆரை உருவாக்கிய ஜப்பானின் தாயோ யூடென் 2015-ல் இந்தத் தொழிலை விட்டது. படத் தட்டுகளை அடிமாட்டு விலைக்கு இறக்கித் தமிழ்நாட்டுத் தெருக்கடை வரை வந்த மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-ல் உத்தரவானது. சோனி 2025 பிப்ரவரியில் வீட்டில் பதியும் புளூ-ரே தட்டுத் தயாரிப்பையும் நிறுத்திவிட்டது. லேப்டாப்பில் சி.டி. போடும் வாயே இல்லை. பீரோவில் இருக்கும் அந்தத் தட்டை இன்று வீட்டில் யாராலும் திறந்துகூடப் பார்க்க முடியாது. ஆனாலும் வீடு நிம்மதியாக இருக்கிறது, "அதான் சி.டி.யில இருக்கே" என்று.

யு.எஸ்.பி.யில் மாட்டும் டி.வி.டி. டிரைவ் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. வாங்கியோ, நண்பரிடம் இரவல் கேட்டோ, கையால் எரித்த தட்டுகளை முதலில் எடுக்க வேண்டும். கடையில் வாங்கிய படத் தட்டு காத்திருக்கலாம். ஒரு டிரைவில் படிக்காத தட்டு இன்னொன்றில் படிக்கும், அதனால் ஒரே முயற்சியில் குப்பையில் போட வேண்டாம். 300 போட்டோ எரித்த தட்டில் 40 மட்டும் தெரிந்தால், பிற்பாடு அதிலேயே இன்னொரு முறை எரித்திருக்கலாம். முந்தைய செஷனை இணைக்க மறந்திருந்தால் பழைய கோப்புகள் மறைந்துதான் இருக்கும், அழிந்திருக்காது. ஐசோபஸ்டர் மாதிரி மென்பொருள் அதைத் தோண்டித் தரும். எடுத்ததை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, நாலு போட்டோவையாவது திறந்து பார்த்துவிடுங்கள். தட்டைத் தூக்கிப் போடுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.