கீஸர் சொட்டுகிறதே!

மார்கழி பிறப்பதற்கு முன்னால் இந்தச் சமாசாரத்தைப் பேசி விடலாம். சென்னைக் குளிரும் ஒரு குளிரா என்று டில்லிக்காரர்கள் சிரிக்கட்டும். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னால் நம் வீட்டு ஆண்பிள்ளைகள் என்ன பாடு படுத்துவார்கள் என்பது நமக்குத்தானே தெரியும்!

போன வாரம் மாடி வீட்டு மாமி பதறிக்கொண்டு இறங்கி வந்தார். "கீஸர் சொட்டறது. வாங்கி ஒன்பது வருஷம் ஆயிடுத்து. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கறான் பிள்ளை. ரிப்பேர் பண்ணினாப் போறும்கறார் மாமா. நீ வந்து பாரேன்" என்றார்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவள்.

மேலே போனதும், எங்கிருந்து சொட்டுகிறது என்று முதலில் பார்த்தோம். கீஸரின் அடியில், தண்ணீர் உள்ளே போகும் குழாயோடு ஒரு சிறு வால்வு இருக்கும். அதன் பக்கத்தில் மூக்குப் போல் ஒரு துவாரம். அந்த மூக்கிலிருந்துதான் சொட்டிற்று, அதுவும் ஸ்விட்ச் போட்டிருக்கும்போது மட்டும். அடியில் ஒரு டம்ளரை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். தண்ணீர் காய்ந்து விளக்கு அணைந்ததும், சொட்டுவதும் நின்றுவிட்டது.

இது பழுதே அல்ல, சகோதரிகளே! தண்ணீர் சூடானால் பெருகும். 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் காய்ச்சினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் கூடிவிடும். அது வெளியே போக ஒரு வழி வேண்டாமா? அந்த வழிதான் இந்த ஸேப்டி வால்வு. கீஸர் அணைந்திருக்கும்போதும் நாள் பூராச் சொட்டினால், பெரும்பாலும் வால்வு தேய்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும்.

அப்புறம் மாமி சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் வந்த ரிப்பேர் ஆள், "அம்மா, இந்த ஓட்டையிலே ஒரு மூடியைத் திருகி அடைச்சுடறேன், சொட்டவே சொட்டாது" என்றாராம்! நல்லவேளை, அளவான மூடி பையில் இல்லாமல், "நாளைக்கு வரேன்" என்று போயிருக்கிறார்.

சூடு போதும் என்று மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது மக்கர் செய்தால், சூடு எல்லை மீறும்போது மின்சாரத்தைத் துண்டிக்க உள்ளே இன்னொரு சாதனம் உண்டு. இரண்டும் கை விட்டுவிட்டால் கடைசிக் காவல் அந்த மூக்குத்தான். அதையும் அடைத்துவிட்டால், ஏறுகிற அழுத்தம் எங்கே போகும்? டாங்க் வெடிக்கவும் கூடும். மாமியின் பேத்தி தினம் பள்ளிக்கூடம் போகுமுன் அந்தக் கீஸருக்கு அடியில் நின்றுதான் குளிக்கிறாள். யார் என்ன சொன்னாலும், மூக்கை அடைக்க மட்டும் விடாதீர்கள்.

மாமிக்கு இன்னொரு குறையும் இருந்தது. தண்ணீர் காய ரொம்ப நேரமாகிறது. உள்ளே கொரகொரவென்று சத்தம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் போர் தண்ணீர்தான். கரி போட்டு மூட்டுகிற செம்புப் பாய்லர் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பாய்லரைக் கவிழ்த்துத் தட்டினால் சுண்ணாம்பு ஏடு ஏடாக விழுமே! கீஸரில் அதே ஏடு காயில் மேல் படிகிறது. அடித் தட்டைக் கழற்றிச் சுரண்டி எடுத்துவிடலாம்.

அப்படிக் கழற்றும்போது மக்னீஷியம் கம்பியைக் காட்டச் சொல்லுங்கள். இரும்பு டாங்கைத் துரு தின்னாமல் இருக்க, தான் கரைந்து கொடுக்கிற கம்பி அது. (கீஸரை விற்கும்போது இதைப் பற்றி யாராவது வாயைத் திறக்கிறார்களோ?) மாமி வீட்டுக் கம்பி ஊதுவத்திக் குச்சியாக இளைத்திருந்தது. அது தீர்ந்த பிறகு டாங்கின் முறை.

என் வீட்டில் நடந்தது அதுதான். பதினோரு வருஷத்துக் கீஸர். பச்சைத் தண்ணீர் தெளிவாக வரும். வெந்நீர் மட்டும் செம்மண் நிறம். நான் அதைக் கவனித்தும் கவனிக்காதவள் போல் இருந்துவிட்டேன். காயில் போயிற்று, மாற்றினேன். மூன்று மாதத்தில் தெர்மோஸ்டாட், அதையும் மாற்றினேன். தீபாவளிக்கு முதல் நாள் டாங்கே பொத்துக்கொண்டு, மேல் கூட்டின் இடுக்கெல்லாம் தண்ணீர். உள்ளிருந்து அரித்துவிட்ட டாங்குக்குப் பற்றவைப்பு நிற்காது. இரண்டு ரிப்பேர்ச் செலவும் தண்டம்! காயிலுக்காகத் திறந்த அன்றே, டார்ச் அடித்து டாங்கின் உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். "அப்பவே சொன்னேனே" என்று இவர் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். (அப்போது ஒன்றும் சொல்லவில்லை.)

ஆகவே என் கணக்கு இதுதான். டாங்க் நன்றாக இருந்தால் காயில், தெர்மோஸ்டாட், வால்வு எதுவானாலும் மாற்றிக்கொள்ளலாம், வயதைப் பார்க்க வேண்டாம். டாங்க் துருப்பிடித்திருந்தால் ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காதீர்கள்.

குழாயைத் தொட்டால் சுருக்கென்றால் அங்கே கணக்கே கிடையாது. உடனே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை அறுக்கும் ஈ.எல்.ஸி.பி. இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அடுப்பு வெந்நீர் போதும். சாதாரண நாளிலும், ஸ்விட்சை அணைத்த பிறகே குளிக்கப் போவது நல்லது.

மாமியின் பிள்ளை கடைசியாக ஓர் அஸ்திரம் போட்டான்: "புதுசு வாங்கினா கரண்டு மிச்சமாகும், நாலு நட்சத்திரம், அஞ்சு நட்சத்திரம்னு இருக்கே!" அந்த நட்சத்திரம், காய்ந்த தண்ணீரின் சூடு ஆறாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதற்கு. நாள் பூரா ஸ்விட்ச் போட்டே வைக்கும் வீட்டில் லாபம்தான். 2000 வாட் கீஸரை அரை மணி போட்டால் ஒரு யூனிட். புதிதும் அதே தண்ணீரைக் காய்ச்ச அதே ஒரு யூனிட்தான் கேட்கும். குளிக்கிற நேரத்துக்கு மட்டும் போட்டு அணைக்கிற மாமிக்கு, நல்ல டாங்கைத் தூக்கிப் போட இது ஒரு காரணமா?

மாமி வீட்டு டாங்கில் டார்ச் அடித்துப் பார்த்தோம், துருவே இல்லை. புது வால்வு, புதுக் கம்பி, சுண்ணாம்பு சுரண்டிய கூலி, அவ்வளவோடு முடிந்தது. ரிப்பேர் செய்த தேதியைக் குளியலறைக் கதவின் பின்னால் பென்சிலால் எழுதியிருக்கிறார் மாமி. போர் தண்ணீர் அல்லவா, இரண்டு வருஷத்தில் கம்பியை மறுபடி பார்க்க வேண்டும்.