தாதியர் பயிற்சி: அத்தாட்சியும் பதிவும்

ஜலகண்டாபுரம் வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நம்மிடம் அங்கத்தினர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நூல் விலையையும், கூலியையும், கடன் தவணையையும் பற்றியவை. சில ஆண்டுகளாக இவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. “மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், நர்ஸ் உதவியாளர் படிப்பில் சேர்க்க எண்ணுகிறோம், சங்கத்தில் கடன் கிடைக்குமா?” என்பதே அது. தறிக் குழியைத் தவிர வேறு உலகம் அறியாத குடும்பங்களில் பெண்மக்களுக்கு இத்தகைய ஊக்கம் பிறந்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் கடனைப்பற்றிக் கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படிப்பு முடிந்ததும் கையில் தரப்படும் அத்தாட்சிப் பத்திரத்தை யார் தருகிறார்கள்? அதை யார் ஏற்றுக்கொள்வார்கள்?

இத்தொழிலுக்குத் தேவை பெருகியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. மேட்டூரிலும் சேலத்திலும் பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன; தனியார் மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், படுக்கையில் கிடக்கும் நோயாளியின் வீட்டு வாயிலுக்கே சிகிச்சையைக் கொண்டு வந்தது. முதியோரைப் பேணக் கைகள் வேண்டும். அக்கைகள் பயின்ற கைகளாக இருத்தல் வேண்டும்.

தேவை பெருகிய இடத்தில் போலிச் சரக்கும் பெருகுவது சந்தையின் இயல்பு. ஆறு மாதத்தில், ஓராண்டில் ‘நர்சிங் டிப்ளமோ’ தருவதாகச் சுவரெங்கும் விளம்பரங்களைக் காண்கிறோம். நமக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர், தறியையும் நகையையும் நம்பிக் கடன் வாங்கி, அத்தகைய நிலையம் ஒன்றில் மகளைச் சேர்த்தார். வெள்ளைச் சீருடை தந்தார்கள்; விழா எடுத்தார்கள்; பொன்னிற முத்திரையிட்ட பத்திரமும் தந்தார்கள். அதனை எடுத்துக்கொண்டு வேலைக்கு மனுச்செய்தபோது, “கவுன்சில் பதிவு எண் எங்கே?” என்று கேட்டார்கள். அப்படியொன்று உண்டு என்பதையே அக்குடும்பம் அன்றுதான் அறிந்தது. மகள் இன்று ஒரு சிறு மருத்துவமனையில் பயிற்சி பெறாதவருக்குரிய சம்பளத்தில் இருக்கிறாள். தந்தை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே அங்கத்தினர்கள் மூன்று வகைப் பத்திரங்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, நர்ஸாகப் பதிவு பெறுவதற்கு உரிமை தரும் படிப்பு. பெண்களுக்கான ஏ.என்.எம். என்னும் துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டு, ஜி.என்.எம். டிப்ளமோ 3 ஆண்டு, பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம் 4 ஆண்டு. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில் இப்படிப்புகளின் பாடத்திட்டத்தையும் தரத்தையும் வகுத்தது. தேறியவர்களின் பெயர்கள், 1926-ஆம் ஆண்டு மதராஸ் சட்டத்தின் வழிவந்த தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலின் ரிஜிஸ்தரில் ஏறுகின்றன. 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய புதிய சட்டம் பழைய கவுன்சிலுக்குப் பதிலாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க வகை செய்துள்ளது. அமைப்பின் பெயர் மாறினும் ரிஜிஸ்தரில் பெயர் ஏறவேண்டும் என்னும் நியதி மாறாது.

இரண்டாவது, உதவியாளருக்கான திறன் சான்றிதழ். ‘பொதுப்பணி உதவியாளர்’ என்னும் இப்பயிற்சி தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் இடம் பெற்றது; சுகாதாரத் துறைத் திறன் கவுன்சிலின் தேர்வில் தேறினால் சான்று கிடைக்கும். நோயாளியைக் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், படுக்கை மாற்றுதல், புரட்டிப் படுக்க வைத்தல் ஆகியவை இதற்குரிய பணிகள். ஊசி போடுவதும் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதும் இதில் சேரா. இது நேர்மையான பத்திரம். நேர்மையான வேலையும் ஆகும். இதைப் பெற்றவர் தம்மை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள மட்டும் உரிமையில்லை.

மூன்றாவது, நிலையம் தானே அச்சிட்டுத் தானே கையொப்பமிட்டுத் தரும் காகிதம். அதற்குப் பின்னால் கவுன்சிலும் இல்லை, தேர்வாணையமும் இல்லை. கட்டணம் மட்டும் முதல் இரண்டுக்கும் குறையாதிருக்கும்.

விவசாயிகளுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. சான்று விதை மூட்டையில் நீல அட்டை தொங்குகிறதா என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்? விற்பவர் “நல்ல விதை” என்று சத்தியம் செய்தாலும் அட்டையில்லாத மூட்டையைச் சான்று விதையென்று எடுப்பதில்லை. அவ்வட்டைக்கும் கால எல்லை உண்டு. சோதனை நாளிலிருந்து 9 மாதம் வரை செல்லும். பின்னர் மறுசோதனையில் முளைப்புத் திறன் தேறினால்தான் நீட்டிப்பு. விதைக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டுமாயின், நோயாளியின் உயிரைத் தொடும் கைக்கு எவ்வளவு வேண்டும்!

இந்தக் கால எல்லையைத்தான் நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர். ஒருமுறை பதிவு பெற்றால் ஆயுள் முழுவதும் போதும் என்று பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவைக்கின்றனர். பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதும், அதற்குள் 150 மணி நேரத் தொடர் கல்வியைக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறி. திருமணம், பிரசவம், ஊர் மாற்றம் என்று பெண்கள் வேலையை விட்டு நிற்கும் ஆண்டுகளில்தான் இத்தவணை தவறிப்போகிறது.

அயல்நாடுகளும் இவ்வழியே சென்றன. நர்ஸுகளுக்கென்று தனிப் பதிவுச் சட்டத்தை 1901-இல் முதன்முதல் இயற்றியது நியூஸிலாந்து. அமெரிக்காவில், முதியோர் இல்லங்களில் பயிற்சியற்றோர் பணியாற்றுவதைத் தடுக்க 1987-இல் சட்டம் வந்தது. நர்ஸ் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணிப் பயிற்சி, தேர்வு, மாகாண ரிஜிஸ்தரில் பதிவு, ஆண்டுதோறும் 12 மணி மறுபயிற்சி ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. தொடர்ந்து 24 மாதம் ஊதியத்துடன் இப்பணியைச் செய்யாதவர் மீண்டும் பயின்று தேற வேண்டும். உதவியாளர் வேலை சிறு வேலையென்று அவர்கள் எண்ணவில்லை.

“சிறு மருத்துவமனைகள் பதிவு எண்ணைக் கேட்பதில்லையே, பத்திரமின்றியும் வேலை கிடைக்கிறதே” என்று சிலர் வாதிக்கலாம். கிடைக்கிறது, எந்த நிலையில் கிடைக்கிறது என்பதையும் எண்ண வேண்டும். பத்திரமில்லாதவர் உயர்ந்த சம்பளம் கேட்க முடியாது. அரசுப் பணிக்கு மனுச்செய்ய முடியாது. மேலும், தமக்கு உரிமையில்லாத ஊசியைப் போடச் சொன்னால் மறுக்கவும் துணிவு வராது. நோயாளிக்கு விபரீதம் நேர்ந்தால் முதலில் கைகாட்டப்படுபவளும் அப்பெண்ணே.

இவ்விஷயத்தில் கூட்டுறவுக்கு இடமுண்டு. குஜராத்தில் ‘சேவா’ பெண்கள் அமைப்பைச் சார்ந்த மருத்துவச்சிகளும் சுகாதார ஊழியர்களும் 1990-இல் ‘லோக் ஸ்வாஸ்த்யா’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1985-இல் தோன்றிய ‘கோஆபரேட்டிவ் ஹோம் கேர் அசோஸியேட்ஸ்’ என்னும் ஊழியர் கூட்டுறவு, வீட்டுப் பராமரிப்பு உதவியாளர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சியளித்து, வேலையும் தந்து, அவர்களையே பங்குதாரர்களாகவும் ஆக்கியது. ஏழைப் பெண்களைக் கொண்டு தொடங்கிய அது, அந்நாட்டின் மிகப் பெரிய ஊழியர் கூட்டுறவாக வளர்ந்தது.

அத்தனை பெரிய முயற்சிக்கு நாம் இன்றே சித்தமாயில்லாமற் போகலாம். நான்கு சிறு காரியங்களை எந்தச் சங்கமும் செய்யலாம். கல்விக் கடன் மனு வந்தால், படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதைக் கவுன்சிலின் பட்டியலில் பார்த்த பின்னரே நிர்வாகக் குழு அதனைப் பரிசீலிக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழிலுள்ள பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவை சேர்க்கையின்போதே எழுத்துப் பிசகின்றி ஒத்திருக்கச் செய்ய வேண்டும். பொது நல நிதியும் துணைவிதியில் இடமும் உள்ள சங்கங்கள் பதிவுக் கட்டணத்திற்கு உதவலாம். அங்கத்தினர் குடும்பத்துச் செவிலியரின் புதுப்பிப்புத் தேதிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, கடன் தவணைக்கு நோட்டீஸ் அனுப்புவதுபோல் ஆறு மாதம் முன்னதாக நினைவூட்டலாம்.

பாவு ஓடும்போதே அறுந்த இழையைப் பிணைத்துவிட்டால் துணி பழுதில்லாமல் இறங்கும். நெய்து முடித்தபின் வருந்திப் பயனில்லை. பணம் கட்டுமுன் ஒரு நாள் விசாரிப்பதும், தவணை வருமுன் பதிவைப் புதுப்பிப்பதும் அத்தகைய வேலைகளே. அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்குமுன் ஒவ்வொரு சங்கமும் தன் பொதுக் கூட்டத்தில் இதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.